முப்பத்தெட்டுக்கு முப்பத்தெட்டு

ஆகஸ்ட் 8, வெள்ளி

வருகை 38/38.

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் இன்று “உண்மை நோட்டு” தொடங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் நீதிபோதனை. கால அட்டவணையில் மட்டும்தான் அது நீதிபோதனை. மற்றபடி கணக்கு வாத்தியார் அந்தோணிராஜ் வந்து பிடுங்கிக்கொள்வார். இந்த வருடம் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

“லீலா டீச்சர், நீதிய வச்சு இதுக என்ன செய்யப்போகுதுக? நாலு கணக்குப் போட்டாலாவது நாலு பேரு பாஸ் ஆவான்” என்றார். பாஸ் ஆவதற்குத்தான் அவர் இருக்கிறாரே. மனிதர்களாக ஆவதற்கு யாராவது வேண்டாமா? இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஸ்டாஃப் ரூமில் ஒரு வாரம் ஓட்டுவார்.

விதி இதுதான். வாரம் ஒரு வரி. அந்த வாரத்தில் தான் செய்த அல்லது பார்த்த உண்மை ஒன்று. எதை எழுதினாலும் திட்டமாட்டேன், திருத்தமாட்டேன், வெளியே சொல்லமாட்டேன். அடியில் சிவப்பு மையில் என் கையெழுத்து மட்டும் விழும்.

“பொய்யா எழுதுனா டீச்சர்?” என்று கேட்டாள் லீடர் கற்பகவள்ளி.

“அதுக்கும் கையெழுத்துதான். அது உனக்கும் உன் மனசாட்சிக்கும் உள்ள விவகாரம்.”

சொல்லும்போது எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வருகை 38/38.

முப்பத்தெட்டு நோட்டில் முப்பத்தொன்றில், “பார்வையற்ற முதியவர் சாலையைக் கடக்க உதவினேன்.” முதல் வாரமும் இதேதான். எங்கள் ஊரில் பஸ் வரும் சாலை ஒன்றே ஒன்று. அந்தக் கிழவர் யாராக இருந்தாலும் இந்நேரம் அறுபது தடவை அதைக் கடந்திருப்பார். பாவம், வீடு எந்தப் பக்கம் என்றே அவருக்கு மறந்திருக்கும்.

காப்பியடித்த உண்மை. தலையில் அடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

ஒரு நோட்டு மட்டும் வேறு மாதிரி. பாண்டிமீனா. மூன்றாம் பெஞ்சில் சன்னல் ஓரம் உட்காருகிற ஒல்லிப் பிள்ளை. “டீச்சர் முதல் உலகப்போர் நடத்தும்போது கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினேன்.” அதற்குக் கீழே, இடம் இருக்கிறதே என்று நினைத்தாளோ என்னவோ, “எல்லாரும் எழுதுகிற கண் தெரியாத தாத்தா நம் ஊரில் இல்லை.”

விழுந்து விழுந்து சிரித்தேன். இந்த ஒரு பிள்ளை போதும். நான் இருபத்திரண்டு வருடமாகப் படிப்பிப்பது வீண் இல்லை.

செப்டம்பர் 1, திங்கள்

37/38. பாண்டிமீனா வரவில்லை. சென்ற வாரம் வியாழன் முதல் இல்லை. காய்ச்சலாக இருக்கும்.

செப்டம்பர் 3, புதன்

காய்ச்சல் இல்லை. பள்ளி விட்டதும் காலனிக்கு நடந்தே போனேன். பாண்டிமீனாவின் அம்மா குருவம்மா வாசலில் அட்டை மடித்துக்கொண்டிருந்தாள். புருசன் மகாராஷ்டிராவில் முறுக்குக் கம்பெனியில் வேலை. வைகாசியில் பேசியதுதான், அதற்குப் பிறகு அந்த நம்பர் எடுக்கவில்லையாம். குருவம்மாவுக்கு முதுகுத்தண்டில் ஏதோ நகர்ந்துவிட்டது. நிற்க முடியாது. நின்று செய்கிற வேலைக்கு மகள் போகிறாள்.

பைபாஸில் இருக்கிற அட்டைப்பெட்டிக் கம்பெனி. தனுஷ்கோடி அண்ணாச்சியுடையது. எங்கள் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் அவர்தான். என் வகுப்பில் ஓடுகிற இரண்டு காற்றாடியிலும் ஒவ்வொரு இறக்கையிலும் “உபயம்: தனுஷ்கோடி” என்று எழுதியிருக்கும். ஓடும்போது படிக்க முடியாது. கரண்ட் போனால்தான் அண்ணாச்சி தெரிவார்.

ஆறரை மணிக்குக் கம்பெனி வேனில் வந்து இறங்கினாள். தலையெல்லாம் அட்டைத் தூசி. என்னைப் பார்த்ததும் ஓடிப்போய் முகம் கழுவிவிட்டு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“அரையாண்டுக்கு வந்துருவேன் டீச்சர். அதுக்குள்ள அம்மாவுக்குச் சரியாயிரும்.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் என் பேர மட்டும் எடுத்துறாதீக.”

அவளுக்கு ஊக்கம் தரும்படி பேச எனக்கு நிறையத் தெரியும். காலைக் கூட்டத்தில் பேசுவேன், பக்கத்து ஊர்ப் பள்ளிகளில் கூட என்னைக் கூப்பிடுவார்கள். தடையை உடை, கனவு காண் என்று வரிசையாக வரும். அங்கே குருவம்மா முன்னால் ஒரு வார்த்தை வரவில்லை. “வேலை எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்டேன்.

“பதினொரு மணிக்கு டீயும் வடையும் தாராக டீச்சர்.”

நான் பதினொரு மணிக்கு முதல் உலகப்போர் தருகிறேன்.

செப்டம்பர் 8, திங்கள்

தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை அடிக்க வேண்டும், அலுவலகத்துக்கு “இடைநிற்றல்” என்று எழுத வேண்டும். ஒருமுறை அடித்த பெயரைத் திரும்ப ஏற்றுவதற்குள் பொதுத்தேர்வுப் பட்டியல் போய்விடும். இந்த வருடம் எழுதாதவள் அடுத்த வருடம் எழுதமாட்டாள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, பதினாலு பிள்ளைகளை அப்படித் தொலைத்திருக்கிறேன்.

ரிஜிஸ்டரில் முற்பகல் கட்டத்திலும் பிற்பகல் கட்டத்திலும் வந்ததாகப் போட்டேன். செல்போனில் வருகைப் பதிவு ஆப்பிலும் அப்படியே ஏற்றிவிட்டேன்.

38/38. ஒரு வாரத்துக்கு மட்டும்.

அக்டோபர் 7, செவ்வாய்

காலாண்டு மதிப்பெண் பட்டியல் முடிக்க வேண்டும். பாண்டிமீனாவுக்காக ஒவ்வொரு வாத்தியாரிடமும் போய் முப்பத்தைந்து கேட்டேன். அந்தோணிராஜ் என்னையும் பட்டியலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பேப்பர் எழுதுன பயலுக்குப் பன்னெண்டு. பேப்பரே இல்லாத புள்ளைக்கு முப்பத்தஞ்சு. எழுதாம இருக்கதுதான் நல்லதுபோல டீச்சர்.”

ஆனாலும் போட்டுக் கொடுத்தார். வாய்தான் அப்படி, மனுசன் நல்லவர்.

அக்டோபர் 17, வெள்ளி

38/38.

தீபாவளி லீவுக்கு முந்திய நாள், வகுப்பே கொண்டாட்டத்தில் இருக்கிறது. பெயர் கூப்பிடும்போது வழக்கமாகப் பாண்டிமீனாவின் பெயரை முணுமுணுத்துவிட்டுத் தாண்டிப் போவேன். இன்று எப்படியோ சத்தமாகவே கூப்பிட்டுவிட்டேன். கற்பகவள்ளிதான் ஆரம்பித்தாள், உடனே எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

“உள்ளேன் டீச்சர்!”

முப்பத்தேழு தொண்டையும் ஒன்றாக. சிரிப்பு அடங்க ஐந்து நிமிடமானது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருத்திக்காக எல்லோரும் சேர்ந்து நிற்கிறார்களே, இதைவிட நல்லொழுக்கம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

நவம்பர் 5, புதன்

தலைமையாசிரியர் அருணகிரி சார் கூப்பிட்டார். இடைநிற்றல் இல்லாத வகுப்புக்கான பாராட்டுச் சான்றிதழுக்கு மாவட்டத்திலிருந்து பெயர் கேட்டிருக்கிறார்களாம். குடியரசு தினத்தன்று மைதானத்தில் கலெக்டர் கையால் தருவார்கள். “நம்ம ஸ்கூல்ல ஜூன்ல இருந்து ஒரு பேரு கூட அடிக்காத கிளாஸ் உங்களுதுதாம்மா. போட்டுட்டேன்” என்றார்.

வேண்டாம் சார் என்றேன். நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. மே மாதம் ஓய்வு பெறுகிறவர், அவருக்கும் பள்ளிக்கு ஒரு பெயர் கிடைத்தால் சந்தோஷம்தானே. எனக்கு இந்தச் சான்றிதழில் எல்லாம் பெரிய நாட்டமில்லை.

வரும் வழியில் ஜவுளிக்கடையில் பச்சைப் பட்டு ஒன்று பார்த்தேன். விலை மட்டும்தான் கேட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

38/38. குழந்தைகள் தினம். ஆளுக்கொரு லட்டு, அண்ணாச்சி உபயம்.

பாண்டிமீனாவின் லட்டை எடுத்துக்கொண்டு பைபாஸில் வேன் வரும் நேரத்துக்குப் போய் நின்றேன். இறங்கினாள். கொஞ்சம் உயரமாகிவிட்ட மாதிரி இருந்தது. மடிக்கிற இடத்திலிருந்து மெஷினுக்கு மாற்றிவிட்டார்களாம். “அச்சு வந்து விழும் டீச்சர், பட்டுனு பெட்டி வெட்டிரும். கைய எடுத்துறணும், அவ்வளவுதான்.”

உண்மை நோட்டில் தன் இடம் காலியாக இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். “வந்து எழுதிருதேன். நெறைய இருக்கு” என்று சிரித்தாள்.

அரையாண்டுக்கு வந்துவிடு என்றேன். தலையை ஆட்டினாள். அந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நம்பினேன்.

டிசம்பர் 3, புதன்

முற்பகல் 38/38. பிற்பகல் 38/38.

காலையிலிருந்து தூறல். சன்னல் கொக்கி ஒன்று கழன்றுவிட்டது, சணலால் கட்டி வைத்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டு முட்டையில் நான்கு அழுகல். பிற்பகல் இரண்டாம் பீரியடில் அடிப்படைக் கடமைகள் பாடம். பாதி வகுப்பு கண்ணைத் திறந்துகொண்டு தூங்கியது. மற்ற பாதி மூடிக்கொண்டே தூங்கியது.

பட்டு எடுத்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு இருக்கட்டும் என்று.

டிசம்பர் 4, வியாழன்

எழுத வரவில்லை. எழுதுகிறேன்.

ரிஜிஸ்டரைத் திறக்கும் முன்னால் குருவம்மா வாசலில் நின்றாள். நிற்க முடியாதவள் நின்றாள். நேற்று மதியம் இரண்டரை மணிக்கு அச்சு விழுந்திருக்கிறது. வலது கையில் மூன்று விரல். கம்பெனியிலேயே துணியைச் சுற்றி உட்கார வைத்திருக்கிறார்கள். யார் யாரோ வந்து பேசியிருக்கிறார்கள். ஐந்தரைக்குத்தான் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்களாம். “ஸ்கூல் விட்டு வந்து வீட்டுக் கிரைண்டர்ல கைய விட்டுட்டா” என்று அங்கே எழுதச் சொன்னவர் கம்பெனி சூப்பர்வைசர்.

“என் வீட்ல கிரைண்டரே கெடையாது டீச்சர்” என்றாள் குருவம்மா. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். விரலைப் பற்றிச் சொல்லவில்லை.

இரண்டரை மணி. நான் அடிப்படைக் கடமைகள் நடத்திக்கொண்டிருந்தேன். அவள் வகுப்பில் இருந்தாள் என்று ரிஜிஸ்டரில் இருக்கிறது.

இன்று 37/38 போட்டேன். மூன்று மாதத்தில் முதல் தடவை.

டிசம்பர் 8, திங்கள்

பெரியாஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். கையில் தலையணை அளவுக்குக் கட்டு. என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தாள்.

“பெரிய டாக்டர் எப்படி ஆச்சுன்னு கேட்டாரு டீச்சர். கிரைண்டர்னு சொல்லச் சொல்லித்தான் அனுப்புனாக. நான் கம்பெனில மெஷின்லன்னு சொல்லிட்டேன். நேரம் மொதக்கொண்டு சொல்லிட்டேன்.” என் முகத்தைப் பார்த்தாள். “சரிதான டீச்சர்? நீங்கதான சொல்லுவீக.”

சரிதான் என்றேன்.

டாக்டர் மேலே தெரிவித்துவிட்டாராம், தொழிலாளர் துறையிலிருந்து இன்ஸ்பெக்டர் விசாரிக்க வருவார். பதினைந்து வயதுப் பிள்ளையை மெஷினில் நிறுத்தியதற்கு அண்ணாச்சி பதில் சொல்லியாக வேண்டும். கைக்கு வைத்தியம், அவளுக்கு ஒரு வழி, எல்லாம் அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. வெளியே வந்து ஆஸ்பத்திரி மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பெருமையாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது. என் பிள்ளை உண்மையைச் சொல்லிவிட்டாள்.

டிசம்பர் 10, புதன்

அண்ணாச்சியே பள்ளிக்கு வந்தார். வெள்ளை வேட்டி, மெதுவான பேச்சு. தலைமையாசிரியர் அறையில் எனக்கும் நாற்காலி போடச் சொன்னார்.

“அந்தப் புள்ள நம்ம கம்பெனிக்கு வந்ததே இல்ல டீச்சர். உங்க கிளாஸ்லதான இருந்துச்சு? மூணு மாசமா ஒரு நாள் லீவு இல்ல போலுக்கே. நல்ல புள்ள. யாரோ என் மேல ஆகாதவுக சொல்லிக்கொடுத்துருக்காக. நீங்க வேற ஒண்ணும் செய்யவேணாம், ரிஜிஸ்டருக்கு ஒரு காப்பி குடுத்தாப் போதும். டிசம்பர் மூணாந்தேதி.”

அவருக்குத் தெரியும். நான் செப்டம்பரிலிருந்து போட்டது அவருக்கு எத்தனை நாளாகத் தெரியுமோ. அவருடைய காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து அவருக்காகத்தான் போட்டிருக்கிறேன்.

அருணகிரி சார் ஜெராக்ஸ் எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். வகுப்பாசிரியர் கையெழுத்து வேண்டும். “உண்மை நகல்” என்று முத்திரை ஏற்கெனவே விழுந்திருந்தது.

அண்ணாச்சி போன பிறகு சார் கதவைச் சாத்தினார். “நான் உங்கள ஒரு கேள்வி கேக்கமாட்டேம்மா. ஆனா நீங்க பொய்யாப் போட்டேன்னு சொன்னா உங்களுக்குப் பதினேழு பி சார்ஜ் மெமோ, வேலைக்கே ஆபத்து. மாசாமாசம் கீழ கையெழுத்துப் போட்டது நானு. எனக்கு மே மாசம் பென்சன். முப்பத்தாறு வருசம்மா.” கும்பிடவில்லை, அவ்வளவுதான் குறை.

கையெழுத்துப் போட்டேன். நகல்தானே. விசாரணை இனிமேல்தான். அங்கே சொல்லிக்கொள்ளலாம்.

டிசம்பர் 11, வியாழன்

சொல்லிவிடுவேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

காலை ஆராதனைக்குக் கோவிலுக்குப் போய்விட்டு வந்து, சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதினேன். “நான், புஷ்பலீலா, வகுப்பாசிரியர், செப்டம்பர் 8 முதல் டிசம்பர் 3 வரை மாணவி பாண்டிமீனா பள்ளிக்கு வராத நாட்களில் வந்ததாகப் பதிவு செய்தேன்.” அதற்கு மேல் காரணம் எழுத வேண்டும். அவள் இடம் போய்விடக் கூடாது என்பதற்காக என்று எழுதினேன். திரும்பப் படித்துப் பார்த்தேன். சான்றிதழ்ப் பேச்சு வந்த நவம்பர் ஐந்து வரைக்கும் அது சரி. அதற்குப் பிறகு?

தாளை என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். செல்வின் பொதுவாக என் பள்ளி விஷயத்தில் தலையிடமாட்டார். கண்ணாடி போட்டு முழுதும் படித்தார்.

“உன் உண்மையால அந்தப் பிள்ளைக்கு விரல் மொளைக்குமா?”

“மொளைக்காது.”

“அப்புறம்?”

வகுப்பில் கேட்டிருந்தால் முக்கால் மணி நேரம் பேசியிருப்பேன். தாளை மடித்து பீரோவில், பட்டுச் சேலைக்கு அடியில் வைத்தேன்.

டிசம்பர் 18, வியாழன்

அரையாண்டுத் தேர்வு முடிந்த பிற்பகல் இன்ஸ்பெக்டர் வந்தார். சின்ன வயசு. களைத்துப்போன முகம். நல்லவராகத்தான் தெரிந்தார், அதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் தலைமையாசிரியர் அறையில் இருக்கும்போதே கற்பகவள்ளி தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் வந்து, வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“கிளாஸ்ல வந்து கேப்பாராம் டீச்சர். நாங்க என்ன சொல்லணும்?”

இதே பிள்ளைதான் ஆகஸ்டில், பொய் எழுதினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டது. இப்போது எந்தப் பொய் என்று மட்டும் கேட்கிறது.

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க” என்றேன்.

முதலில் என்னைக் கேட்டார். “டிசம்பர் மூணு. அந்த மாணவி பிற்பகல் வகுப்புல இருந்தாளா டீச்சர்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரில நேரத்தோட சொல்லியிருக்கு. பொய் சொல்ற பொண்ணு மாதிரி எனக்குத் தெரியல. ஆனா என் கையில இருக்கிற ஒரே காகிதம் உங்க ரிஜிஸ்டர்தான். கம்பெனில அவ பேரு எதுலயும் இல்ல.”

தாள் கைப்பையில் இருந்தது. காலையில் பீரோவிலிருந்து எடுத்து வைத்திருந்தேன். அருணகிரி சார் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கழுத்துப் பின்புறம் வேர்த்திருந்தது.

“ரிஜிஸ்டர்ல என்ன இருக்கோ அதுதான் சார்” என்றேன்.

அவர் ரிஜிஸ்டரில் அந்தக் கட்டத்தைப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

வகுப்புக்கு வந்து பிள்ளைகளைக் கேட்டார். நான் கரும்பலகை ஓரம் நின்றேன். யாரையும் பார்க்கவில்லை. ஜாடை எதுவும் காட்டவில்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன். முப்பத்தேழு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கற்பகவள்ளி எழுந்து, “வந்தா சார்” என்றாள். உடனே எல்லோரும், “வந்தா சார்!”

தீபாவளி லீவுக்கு முந்திய நாள் சொன்ன அதே ஒற்றைக் குரல். எனக்காகச் சொன்னார்கள். என் மேல் உள்ள பிரியத்தில் சொன்னார்கள்.

டிசம்பர் 25, வியாழன்

கேக் செய்யவில்லை. செல்வின் கடையில் வாங்கி வந்தார். சாப்பிட்டோம்.

ஜனவரி 6, செவ்வாய்

விடுமுறை முழுதும் போகாமல் இருந்துவிட்டு இன்று காலனிக்குப் போனேன். பாண்டிமீனா வீட்டுக்கு வந்துவிட்டாள். கட்டுச் சின்னதாகிவிட்டது. உள்ளே இருப்பது எவ்வளவு என்று இப்போது தெரிகிறது.

“அந்த சாரு மறுபடி வந்தாரு டீச்சர். நான் ஸ்கூல்ல இருந்ததா நீங்க எல்லாரும் சொன்னீகளாம். ஏம்மா மாத்திச் சொன்னேன்னு என்னையக் கேட்டாரு.” கோபமே இல்லாமல் சொன்னாள். பாடத்தில் புரியாததைக் கேட்கிற மாதிரி. “எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. நெசமாவே ஸ்கூல்லதான் இருந்தனோன்னு நெனச்சுப் பாத்தேன்.”

குருவம்மா அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நானும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன் டீச்சர். வீட்லதான் ஆச்சுன்னு. அண்ணாச்சி ஆஸ்பத்திரிச் செலவப் பாத்துக்கிடுதேன்னுட்டாக. பெரிய பள்ளிக்கூடமே ஒண்ணு சொல்லுது, நாங்க ரெண்டு பேரு வேற சொல்லி என்னத்தக் கண்டோம்?”

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். பிஸ்கட் பாக்கெட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 26, திங்கள்

மைதானத்தில் வெயில். பெயர் கூப்பிட்டார்கள். ஏறினேன், வாங்கினேன், இறங்கினேன். போட்டோவில் கண்ணை மூடியிருக்கிறேன். சான்றிதழில் என் பெயர் சரியாக இருக்கிறது. “ஒரு மாணவரைக்கூட இழக்காத வகுப்பாசிரியர்.”

சேலை நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

ஜனவரி 28, புதன்

37/38. அருணகிரி சார் சொன்னார், பாண்டிமீனா வெள்ளிக்கிழமையிலிருந்து பள்ளிக்கு வருவாளாம். அண்ணாச்சி சொல்லிவிட்டாராம். புது யூனிஃபார்ம் எடுத்துக் கொடுத்து, கம்பெனி வேனிலேயே கொண்டுவந்து விட்டுக் கூட்டிப்போவார்களாம். “மனுசன் எவ்வளவு பெரிய மனசு பாருங்கம்மா” என்றார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

செப்டம்பரிலிருந்து நான் கேட்டதெல்லாம் இது ஒன்றுதான். அவள் வர வேண்டும்.

ஜனவரி 30, வெள்ளி

வருகை 38/38.

மூன்றாம் பெஞ்சு, சன்னல் ஓரம். வலது கையை மேசைக்கு அடியில் வைத்திருந்தாள். பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். அவள் பெயர் வந்ததும், அவள் வாயைத் திறப்பதற்குள், வகுப்பு பழக்கத்தில் சொல்லிவிட்டது. “உள்ளேன் டீச்சர்.” சொன்ன பிறகுதான் உறைத்தது. யாரும் சிரிக்கவில்லை. பாண்டிமீனா திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

கடைசிப் பீரியடை அந்தோணிராஜிடம் கொடுத்துவிடலாம் என்று பார்த்தேன். அவர் வேண்டாம் என்றுவிட்டார். “உங்க பீரியட் டீச்சர். நீங்களே எடுங்க.”

உண்மை நோட்டுகளைக் கொடுத்தேன். மற்றவர்கள் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். இப்போதெல்லாம் கண் தெரியாத தாத்தா கூட இல்லை, “அம்மாவுக்கு உதவினேன்” என்று சுருக்கிவிட்டார்கள். பாண்டிமீனா இடது கையால் எழுதிக்கொண்டிருந்தாள். நோட்டு நகராமல் இருக்க வலது முழங்கையால் அழுத்திக்கொண்டாள். மணி அடித்தது, எல்லோரும் போனார்கள். எழுதினாள். வெளியே வேன் ஹாரன் அடித்தது. எழுதினாள்.

என் மேசைக்குக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதின மாதிரி பெரிய பெரிய எழுத்து, வரி சரிந்து கீழே போயிருந்தது.

“டிசம்பர் 3 அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.”

நிமிர்ந்து பார்த்தேன். குத்திக்காட்டுகிறாளா என்று அந்த முகத்தில் தேடினேன். இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இல்லை. சரியான விடை எழுதிவிட்டு மார்க்குக்குக் காத்திருக்கிற பிள்ளையின் முகம் அது.

“இது...” என்று ஆரம்பித்தேன்.

“கையெழுத்துப் போடுங்க டீச்சர். வேன் நிக்குது.”

அதே பக்கத்தில் மேலே, நல்ல எழுத்தில், முதல் உலகப்போரில் தூங்கின வரி. கீழே என் சிவப்புக் கையெழுத்து. எதை எழுதினாலும் திட்டமாட்டேன், திருத்தமாட்டேன் என்று நான்தானே சொன்னேன்.

கையெழுத்துப் போட்டேன். தேதியும் போட்டேன். மை காயட்டும் என்று நோட்டை விரித்தபடியே இடது கையில் வாங்கிக்கொண்டு, “தேங்க்ஸ் டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.